குளம் நிறைஞ்சு கிடக்கு, பறவையை மட்டும் காணோம்: நாங்குநேரிப் பக்கம் ஒரு போகிக் காலை

புதுக்கண்ணாடி (கோவை)
ஜனவரி 14, 2024, காலை 11:20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தீபாவளி போனஸில் 8 × 42 பைனாகுலர் வாங்கினேன். இதுவரை வீட்டு மொட்டை மாடி, சிங்காநல்லூர்க் குளம் இரண்டோடு சரி.

பொங்கலுக்கு மனைவியின் ஊருக்கு வந்திருக்கிறேன். நாங்குநேரிப் பக்கம். இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து, மாமியார் போட்ட கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு மச்சினன் பைக்கில் பக்கத்துப் பெரிய குளத்துக்குப் போனோம். ஆறே காலுக்கெல்லாம் கரை மேல் நின்றாயிற்று. நல்ல பனி. பனைமரங்களின் பாதி உடம்பு தெரியவில்லை. குளம் மறுகால் (உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) வரைக்கும் நிறைந்து கடல் மாதிரி கிடக்கிறது. மனசுக்குள் ஒரே எதிர்பார்ப்பு.

எட்டரை வரை நின்றும் என் பட்டியல் இவ்வளவுதான்: நீர்க்காகம் 6, முக்குளிப்பான் 4, மீசை ஆலா பத்துப் பன்னிரண்டு, உண்ணிக்கொக்கு 2, ஒரு செம்பருந்து, கரையோரம் கரிச்சான், மைனா. எதிர்க்கரையில் கறுப்பாக ஏதோ மிதந்தது. வாத்தா, தாமரை இலையா, கடைசிவரை தெரியவில்லை. இதே குளத்தில் போன வருஷம் எடுத்த படங்களில் ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கில் இருந்தது!

போன மாத வெள்ளத்தில் பறவைகள் அடிபட்டுப் போய்விட்டனவா? இல்லை, வேறு எங்கேயாவது போய்விட்டனவா? 18-ஆம் தேதி வரை லீவு இருக்கிறது. எங்கே போகலாம், சொல்லுங்கள்.

வக்கா (திருநெல்வேலி டவுன்)
ஜனவரி 14, மதியம் 12:05

முதல் பதிவுக்கு வாழ்த்து. கருப்பட்டிக் காப்பி கிடைச்சுதுல்லா, பாதி வெற்றி.

ஆறே காலுக்கு எந்தக் கரையில நின்னிய? மேக்கால கரையா? அப்பம் சூரியன் நேர மூஞ்சில. வாத்து, தாமரை இலை, மிதக்குத செருப்பு எல்லாம் ஒண்ணுபோலதான் தெரியும். நான் மொத வருஷம் ஒரு மண்பானையை அரை மணி நேரம் குறிச்சு வச்சேன்.

மறுகால் (பாளையங்கோட்டை)
ஜனவரி 14, மதியம் 2:40

தம்பி, பறவைகள் சாகவில்லை. குளம் நிறைந்ததுதான் காரணம்.

வாத்தில் இரண்டு வகை உண்டு. முங்கி இரை எடுப்பது ஒன்று, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி நிற்பது இன்னொன்று. நம் குளங்களுக்குக் கூட்டமாக வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மூன்றுமே கவிழ்கிற சாதி. கழுத்து எட்டுகிற ஆழம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு. ஒரு முழத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் அடியில் கிடக்கும் விதையும் கிழங்கும் இருந்தும் இல்லாத கதைதான். சேற்றில் இரை தேடுகிற உள்ளான்களுக்கு இன்னும் மோசம். கொசு உள்ளானுக்குக் கணுக்கால் நனைகிற சேறு வேண்டும், நெடுங்கால் உள்ளானுக்கே முழங்கால் தண்ணீர் போதும். மறுகால் பாய்கிற குளத்தில் அதுகள் எங்கே நிற்கும்? நீங்கள் பார்த்தவற்றை நீங்களே பாருங்கள்: முங்குகிற நீர்க்காகம், முங்குகிற முக்குளிப்பான், மேலே பறந்து கொத்துகிற ஆலா. ஆழத் தண்ணீருக்கு என்ன வருமோ அதுதான் வந்திருக்கிறது. உங்கள் பட்டியலில் தப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வருஷம் தண்ணீர் இல்லாத இடமே இல்லை. பெரிய குளம், சின்னக் குளம், ரோட்டோரக் கிடங்கு, தரிசுக்காட்டுப் பள்ளம் எல்லாம் நிறைந்து கிடக்கின்றன. பத்துக் குளத்தில் இருக்கவேண்டிய பறவை நூறு இடத்தில் சிதறிவிட்டது. வறட்சி வருஷத்தில் நாலு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும், எல்லாம் அங்கே அடைந்துகொள்ளும், படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். கூட்டம் பெரிதாகத் தெரிகிற வருஷம் நல்ல வருஷம் என்று அர்த்தமில்லை. 2011-இலிருந்து ஜனவரியில் நடக்கிற தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு குளத்தோடு நிற்காமல் நெல்லை, தூத்துக்குடிக் குளங்களையெல்லாம் சேர்த்து எண்ணுவது இதனால்தான். ஒரே குளத்தை வைத்துக் கூடியது குறைந்தது என்று பேசினால் அது பறவைக் கணக்கு ஆகாது, தண்ணீர்க் கணக்குதான்.

என் யோசனை: கரையை விடுங்கள். குளத்தின் உள்வாய்ப் பக்கம், தண்ணீர் மெலிந்து கோரை முளைத்திருக்கும் ஓரத்துக்குப் போங்கள். அதைவிட நல்லது, கரைக்கு முதுகைக் காட்டிவிட்டு வயலுக்குள் இறங்குவது.

கழனிப்பூ (மதுராந்தகம்)
ஜனவரி 14, மாலை 5:15

மறுகால் ஐயா சொல்வதை அப்படியே எல்லா ஊருக்கும் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கம் வேடந்தாங்கலில் ஏரி நிறைந்தால்தான் சீசனே. நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் ஏரிக்குள் நிற்கிற மரங்களில்தான் கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் பூனை, நாய், மனுஷன் யாரும் கிட்டப் போக முடியாது. மழை பொய்த்த வருஷத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு.

எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரியும். சிப்பாய்கள் பறவையைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டுத் தடை வாங்கியவர்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதனால் "நிறைந்த குளம் பறவைக்கு ஆகாது" என்று ஒற்றை வரியில் சொல்லிவிடாதீர்கள்.

மறுகால்
ஜனவரி 14, மாலை 6:02

ஒப்புக்கொள்கிறேன். கூடு கட்ட வருகிறவை வேறு, மேய வருகிறவை வேறு. எங்கள் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். மஞ்சள் மூக்கு நாரை குளத்துக் கருவேலத்தில் கட்டும், ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலும் கட்டும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். 1994-இல் சரணாலயம் ஆவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். ஆனால் அந்த நாரையும் சாப்பாட்டுக்கு ஆழமில்லாத இடத்தைத் தேடித்தான் போகும். வீடு ஒரு இடம், சோறு ஒரு இடம். தம்பி சோற்று நேரத்தில் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

பட்டைத்தலை வாத்துக்கும் இதே கதை. இமயமலையைத் தாண்டி வருகிற அந்தப் பெரிய மனுஷன் பகலில் குளத்தில் தூங்குவான், பொழுது சாய்ந்ததும் வயலுக்கு மேயப் போவான். விடிந்தபின் போய்ப் பார்த்தால் தூக்கக் கலக்கத்தில்தான் தரிசனம் தருவான்.

பிசானம் (ஸ்ரீவைகுண்டம் பக்கம்)
ஜனவரி 14, இரவு 9:48

நான் பறவை பாக்குத ஆளு இல்ல. மகன் இந்த இழையை அனுப்பி "அப்பா, நம்ம ஊரு மாதிரி இருக்கு பாருங்க"ன்னான். படிச்சேன்.

"வயலுக்குள் இறங்குங்கள்"னு லேசா சொல்லிட்டிய. எந்த வயலுக்குள்ள? டிசம்பர் 17 ராத்திரி பேஞ்ச மழையைப் பத்தி உங்களுக்குச் சொல்லவேண்டாம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க குளம் விடியக்காலம் உடைஞ்சுது. நட்டு முப்பத்தஞ்சு நாளான பிசான நெல்லுப் பயிரு, பச்சைக்கு மேல பச்சையா நின்னுது. தண்ணி வடிஞ்ச பொறவு போய்ப் பாத்தா வயல்ல முட்டளவு மணலு. அஞ்சு ஏக்கர்ல ஒரு ஏக்கர்தான் வயலுன்னு அடையாளம் தெரியுது.

உடைஞ்ச குளத்துல இப்பம் அங்கங்க முழங்கால் தண்ணி, மிச்சமெல்லாம் சேறு. அண்ணாச்சி சொன்ன கணக்கு சரின்னா, உங்களுக்கு அது சொர்க்கம்லா?

கோவிச்சுக்காதிய. பொங்கலும் அதுவுமா மனசுல பட்டதைச் சொன்னேன்.

புதுக்கண்ணாடி
ஜனவரி 14, இரவு 10:30

ஐயா, மன்னிக்கவேண்டும். வெள்ளத்தை டிவியில் பார்த்தேன், நன்கொடையும் அனுப்பினேன். ஆனாலும் "பறவை அடிபட்டுப் போய்விட்டதா" என்று கேட்ட எனக்கு, வயல் என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவில்லை.

தேரிக்காடு (திருச்செந்தூர்ச் சாலை)
ஜனவரி 15, காலை 7:10

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். பானை பொங்கியாச்சு, அதனால் எழுத நேரம் கிடைத்தது.

பிசானம் அண்ணன் கோபத்தில் சொன்னாலும் அது அப்படியே உண்மை. உடைந்த குளம் இரண்டுக்குப் போய் வந்தேன். பத்து வருஷமாக நான் இந்தப் பக்கம் எண்ணுகிறேன், பொறி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் இவ்வளவு நெருக்கமாக நின்று பார்த்ததில்லை. ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றும்போது கை கூசியது. கரை உடைந்த இடத்தில் ஒரு அம்மா சேற்றுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு "எத்தனை, எத்தனை" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பைனாகுலரைப் பைக்குள் போட்டுவிட்டு அவரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன். ஆட்டுக்குட்டி கட்டியிருந்த கயிற்றுமுளையைத் தேடுகிறாராம்.

குளத்தின் பெயரை நான் இங்கே போடமாட்டேன். கேட்காதீர்கள்.

வக்கா
ஜனவரி 15, காலை 9:33

பேரை மறைக்கது எதுக்கு அக்கா? போன தடவை பூநாரைக் கூட்டம் வந்ததையும் இப்படித்தான் மறைச்சிய. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கு, ஆள் வந்து எண்ணினா நல்லதுதானே. 15 நிமிஷம் நின்னு எண்ணினாலே ஒரு பட்டியல்.

தேரிக்காடு
ஜனவரி 15, காலை 10:15

பூநாரைக் கதை தெரிந்துதான் கேட்கிறாயா? யாரோ பெயரைப் போட்ட மறுநாள் பதினோரு கார். ஒருத்தர் ட்ரோன் விட்டார். கூட்டம் மொத்தமும் எழும்பி அன்றைக்கே போய்விட்டது. இன்னொருத்தர் நாற்றங்கால் வரப்பை மிதித்து உடைத்துவிட்டு "சாரி" என்று சொல்லிப் போனார். நாற்றங்காலில் தண்ணீர் வடிந்தால் என்ன ஆகும் என்று சாரிக்குத் தெரியாது.

எண்ணுகிறவர் வரட்டும். ஆனால் இப்போது அந்த ஊர்களுக்குப் போகிறவர் ஊர்க்காரர் ஒருவரைத் தெரிந்துகொண்டு, கேட்டுவிட்டுப் போகட்டும்.

பிசானம்
ஜனவரி 15, இரவு 8:20

நேத்து கொஞ்சம் சூடா எழுதிட்டேன். தங்கச்சி எழுதினதைப் படிச்சதும் மனசு ஆறிச்சு.

கோயம்புத்தூர்த் தம்பி, 18-ஆம் தேதி வரைக்கும் இருக்கியளா? மிச்சம் இருக்குத ஒரு ஏக்கர்ல அன்னைக்குத்தான் தொளி அடிக்கேன், அதான் சேத்து உழவு. கெணத்துத் தண்ணியை வச்சு அம்பை 16 நெல்லு நடலாம்னு இருக்கு, நூத்திப் பத்து நாள்ல கைக்கு வந்துரும். டிராக்டர் எறங்குச்சுன்னா கொக்கு எங்கிருந்து வருமோ தெரியாது, கலப்பைக்குப் பின்னாலயே வரும். நீங்க வந்து பாருங்க. வரப்புல மட்டும் பாத்து நடங்க.

எந்த ஊருன்னு தனிச்செய்தியில சொல்லுதேன். வக்காவுக்குச் சொல்லமாட்டேன்.

புதுக்கண்ணாடி
ஜனவரி 18, மதியம் 3:50

போய் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். ஐந்தே முக்காலுக்குப் பிசானம் ஐயா வீட்டு வாசல். இருட்டில் முதலில் கேட்டது ஆள்காட்டி. எங்களைப் பார்த்து அது கத்தியதில் தெருநாய் எல்லாம் எழுந்துவிட்டது. ஐயா சிரித்துக்கொண்டே, "கண்ணாடி போட்டிருக்கியன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

முதலில் குளத்துக்குக் கூட்டிப்போனார். உடைப்பு எவ்வளவு அகலம் என்று படத்தில் பார்த்தால் புரியாது, இரண்டு லாரி பக்கம் பக்கமாகப் போகலாம். ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வக்கா சொன்னதை நினைத்துச் சூரியனை முதுகுக்கு வைத்துக்கொண்டு நின்றேன். ஆறே முக்கால் போலப் பனி மெல்ல எழும்பியது. அதற்குக் கீழே சேறு முழுக்க அசைந்தது. முதலில் சேறுதான் நகர்கிறது என்று நினைத்தேன். கொசு உள்ளான்! பத்துப் பத்தாக எண்ணினேன், 140 பக்கம் வந்தது. நடுவே பொறி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, பச்சைக்காலி இரண்டு. நெடுங்கால் உள்ளான் எண்பதுக்கு மேல், சிவப்புக் குச்சி நட்ட மாதிரி. தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக நின்ற மூலையில் நீலச்சிறகி முப்பது, எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தன. மறுகால் அண்ணாச்சியின் பாடம் கண் முன்னால் நடந்தது. நத்தைக்குத்தி நாரை பதினேழு. வெள்ளை அரிவாள் மூக்கன் நாற்பது பக்கம்.

ஐயா பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளானைப் பார்க்கவில்லை, உடைப்புக்கு அந்தப் பக்கம் தன் வயல் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழரைக்கு டிராக்டர் இறங்கியது. இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி, தொளி ஒரு சுற்று வருவதற்குள் உண்ணிக்கொக்கு ஐந்து. இரண்டாவது சுற்றில் முப்பது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். மடையான், மைனா, கரிச்சான், சக்கரத்துக்கும் கொக்குக்கும் நடுவில் துணிந்து ஓடும் மஞ்சள் வாலாட்டிகள். தண்ணீர் ஏறியதும் பிள்ளைப்பூச்சி, வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் வரப்பைப் பார்த்து ஓடுகின்றன, வரப்பில் மைனா காத்திருக்கிறது. மேலே கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் வரிசை. மணலில் பாதி புதைந்த மோட்டார் அறையின் மேல் ஒரு பழுப்புக் கீச்சான் தனியாக உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு ஒரு பெரிய பருந்து வயலுக்கு மேல் தாழ்வாக, இறக்கையை வி போலத் தூக்கிக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் காப்பிக்கொட்டை நிறம், தலையில் மட்டும் மோர்ச்சாதம் கொட்டின மாதிரி. சேற்றுப் பூனைப்பருந்துதானே? கொக்கு எதுவும் அசையவில்லை, நெடுங்கால் உள்ளான்கள் மட்டும் மொத்தமாக எழும்பின.

கொக்கைப் பற்றி ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை. நீலத்தாழைக்கோழியின் பேச்சை எடுத்தால்தான் முகம் மாறுகிறது. "தண்டை முறிச்சு, நடுக்குருத்தை மட்டும் ரெண்டு கடி கடிச்சுட்டு மிச்சத்தைப் போட்டுட்டுப் போயிரும். பசிக்குத் தின்னா விட்டுரலாம்" என்றார். அடுத்து மயில். அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு இழை தேவைப்படும்.

ஒரு சந்தேகம். வரப்போரக் கோரையில் கால் வைக்கும்போது காலடியிலிருந்தே ஒன்று "ஸ்காப்" என்று கத்திக்கொண்டு பறந்தது. நீள மூக்கு, பழுப்பு. என்ன உள்ளான்?

மொத்தம் 46 வகை. காலை ஒன்பதரைக்கு இட்லி, கருவாட்டுக் குழம்பு.

மறுகால்
ஜனவரி 18, மாலை 4:35

பூனைப்பருந்து சரி. அந்தத் தலை இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்த தடவை இடுப்பில் வெள்ளைத் திட்டோடு மெலிந்த பூனைப்பருந்து ஏதாவது வந்தால் படம் எடுத்துவிடுங்கள். மாண்டேகுவா, வெளிர் பூனைப்பருந்தா என்று நாலு நாள் சண்டை போடலாம்.

கோரையில் இருந்து எழும்பியது விசிறிவால் உள்ளானாகவும் இருக்கலாம், ஊசிவால் உள்ளானாகவும் இருக்கலாம். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக்கோடு தெரிந்ததா? வளைந்து வளைந்து போனதா, கொஞ்ச தூரம் நேராகப் போய் இறங்கியதா? வெள்ளைக்கோடும் வளைவும் என்றால் விசிறிவால்.

புதுக்கண்ணாடி
ஜனவரி 18, மாலை 4:52

உண்மையைச் சொல்லவா? பயந்துபோய் வரப்பிலிருந்து சறுக்கித் தொளியில் உட்கார்ந்துவிட்டேன். கோடு எதையும் பார்க்கவில்லை.

வக்கா
ஜனவரி 18, மாலை 5:01

அப்பம் "உள்ளான், இனம் தெரியவில்லை: 1. பார்வையாளர், தொளியில்: 1"ன்னு ஏத்துங்க.

தேரிக்காடு
ஜனவரி 18, மாலை 5:40

இனம் தெரியாது என்று போட்டதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். பாதிப் பேர் ஊகித்துப் போட்டுவிடுவார்கள். குளத்தின் பெயரைப் போடாமல் எழுதியதற்கும் நன்றி. அண்ணன், மணல் எடுக்க ஏதாவது ஏற்பாடு ஆயிற்றா?

பிசானம்
ஜனவரி 18, இரவு 9:05

மனு குடுத்திருக்கோம், பாப்போம். நாலு ஏக்கரையும் சொந்தக் காசுல அள்ளணும்னா நடக்குத காரியம் இல்ல.

தம்பி நல்ல பையன். வரப்பை மிதிச்சு உடைக்கல, உக்காந்துதான் உடைச்சாரு. சாயந்திரமே மண்ணணைச்சுட்டேன்.

அண்ணாச்சிகிட்ட ஒரு கேள்வி. பிப்ரவரியில உடைப்பை அடைக்க வாராவன்னு பேச்சு அடிபடுது. அடைச்சு, மேல இருந்து தண்ணி விட்டு, குளம் பழையபடி பெருகிச்சுன்னா அந்தக் குட்டிக்குருவி நூத்தி நாப்பதும் போயிரும்லா?

மறுகால்
ஜனவரி 18, இரவு 9:30

போய்விடும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றும்போது ஓரத்தில் கொஞ்சம் நிற்கும். அதோடு வடக்கே கிளம்பிவிடும்.

புதுக்கண்ணாடி
ஜனவரி 18, இரவு 9:41

ஐயா, உடைப்பை அடைத்ததும் ஒரு படம் போடுங்கள்.

பிசானம்
ஜனவரி 18, இரவு 9:58

போடுதேன். தண்ணிதான் தெரியும் அதுல. குருவியைத் தேடாதிய.